ஒரே வாசல் உள்ள ஊர்

போன தை அமாவாசைக்கு முந்தின நாள் அப்பத்தா வெற்றிலை வாங்கக் கிளம்பினார். வீட்டிலிருந்து கடைக்கு ஐந்து நிமிட நடைகூட இல்லை. வாய்க்கால் மேல் போட்டிருக்கும் சிலாப்தான் எங்கள் தெருவுக்கு நடைபாதை, அதன்மேல் ஒரு சுற்றுலா வேன் ஏறி நின்றிருக்கிறது, அதைச் சுற்றிக்கொண்டு போக ரோட்டில் இறங்கியவரின் முழங்கையில் ஒரு பைக்கின் கண்ணாடி தட்டி, விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. 78 வயது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பைக் ஓட்டிய பையன் உடனே இறங்கித் தூக்கிவிட்டான், அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வேனைத் தாண்ட அவனுக்கும் ஓர் ஆள் அகலம்தான் மிச்சம் இருந்தது.

"நடக்கத் தெம்பு இருக்குய்யா, இடந்தான் இல்ல" என்றார் அப்பத்தா, ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பும்போது. அன்றிலிருந்து இது என் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் இராமேஸ்வரம் நடக்கிறவர்களின் ஊர். அக்னி தீர்த்தத்தில் முழுகிவிட்டு ஈரத் துணியோடு கோயிலுக்கு நடந்து, உள்ளே 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, வெளியே வந்து ரத வீதியில் செருப்பில்லாமல், தாரில் கால் பொசுங்க, தங்கியிருக்கும் ரூமைத் தேடிப் போகிறார்கள். வடக்கே இருந்து வரும் வயசாளிகள் சுவரோரம் விழுகிற கொஞ்சம் நிழலில் ஒட்டிக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கார் வந்து நிற்பதும் அதே ஓரத்தில்தான். தேரோடும் நாளில் மட்டும் வீதி முழுக்க மனிதர்களுக்குக் கிடைக்கிறது. அன்றைக்கு அதே தெரு எவ்வளவு அகலமாகத் தெரிகிறது!

ரோட்டை அகலப்படுத்து, இன்னும் பார்க்கிங் கட்டு என்று கேட்கிறவர்கள் நிறைய. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன். ஆனால் கோயிலைச் சுற்றி அகலப்படுத்த எங்கே இடம் இருக்கிறது? ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 52 பேர் காருக்கு நான்கு பேராக வந்தால் 13 கார். ஒரு கார் நிற்க சுமார் 12 சதுர மீட்டர் என்றால் 156 சதுர மீட்டர் போச்சு, அதுவும் நாள் முழுக்க. அதே 52 பேரை ஒரே பேருந்து ஏற்றி வரும், அதற்குத் தேவை 30 சதுர மீட்டர், அதுவும் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும். மத்திய அரசின் நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே இதைத்தான் சொன்னது: வண்டிகள் நகர்வதற்காக அல்ல, மனிதர்கள் நகர்வதற்காகத் திட்டமிடுங்கள் என்று. சென்னையில் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி 2019-ல் திறந்ததும் இந்த எண்ணத்தில்தான்.

சென்னைக்கும் மதுரைக்கும் இல்லாத ஒரு வசதி நமக்கு இருக்கிறது. இது தீவு. ரோட்டு வழியாக வரும் எந்த வண்டியும் 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் ஒன்றில் ஏறித்தான் வந்தாக வேண்டும். மதுரைக்குள் நுழைய எத்தனையோ வழி, எதை மறிப்பது? நமக்கு வாசல் ஒன்றுதான். பாலத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கமோ, தீவுக்குள் ஊருக்கு வெளியிலோ வெளியூர் வண்டிகளை நிறுத்த வைத்து, அங்கிருந்து கோயிலுக்கும் கடற்கரைக்கும் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட்டால் ரத வீதிகள் தானாகவே காலியாகும். பாலத்தின் நடுவில் காரை நிறுத்திவிட்டு ரயிலைப் படம் எடுக்கிற தொல்லையும் குறையும், அதற்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்து ரயிலும் திரும்ப வந்துவிட்டது. ஸ்டேஷனிலிருந்து கோயிலுக்கு நிழல் மட்டும் இருந்தால் நடந்தே போகிற தூரம்.

இது நடக்காத காரியம் என்கிறவர்களுக்கு ஒன்று. தனுஷ்கோடிக்கு 2017-க்கு முன்னால் எப்படிப் போனோம்? முகுந்தராயர் சத்திரத்தோடு கார் நின்றுவிடும், அதற்குமேல் மணலில் உள்ளூர் வேன்தான். அப்புறம் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை ரோடு வந்தது, எல்லாக் காரும் முனை வரை போகிறது, விடுமுறை நாளில் கடலைவிட வண்டிதான் அதிகம் தெரிகிறது. வேனை நம்பிப் பிழைத்தவர்களுக்கும் அடி. ரோடு வந்தது நல்லதுதான், அதில் பேருந்தையும் வேனையும் முதலில் விட்டிருக்கலாம்.

எங்கள் தெரு ஆட்டோக்கார மாமாவிடம் இந்த யோசனையைச் சொன்னேன், சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "கார வெளிய நிறுத்துனா எங்களுக்குத்தானடா சவாரி, ஆனா பஸ்ஸு நிக்கிற எடத்துல எங்களுக்கு ஒரு ஸ்டாண்டு வேணும்" என்றார். நியாயமான கேள்வி. சங்கு, பாசி விற்கிறவர்களுக்கும் அப்படித்தான், தெரு வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்கச் சொல்லி 2014-லேயே சட்டம் இருக்கிறது, நடைபாதை போடும்போதே அவர்களுக்கும் சேர்த்துக் கோடு போட வேண்டும்.

இதே தீவில் இருக்கும் தங்கச்சிமடத்தில் பிரச்சினை வேறு. அங்கே நெடுஞ்சாலைதான் ஊர்த் தெரு, பள்ளிப் பிள்ளைகளும் மீன்கூடையோடு பெண்களும் கடக்கிற ரோட்டில் கார்கள் பறக்கின்றன. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். ஊருக்குள் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாதபடி ரோட்டின் அமைப்பே இருக்க வேண்டும், போர்டு மட்டும் வைத்தால் போதாது.

போன வாரம் டேப் எடுத்துக்கொண்டு போய் எங்கள் தெருவை அளந்தேன். சிலாப் 60 சென்டிமீட்டர், நடுவில் மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது, இரண்டு இடத்தில் மின்கம்பம். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் குழுமத்தின் (IRC) வழிகாட்டி நடைபாதைக்குக் கேட்பது குறைந்தது 1.8 மீட்டர், தடையில்லாமல். இதை வரைபடமாகப் போட்டு, தெருவில் கையெழுத்து வாங்கி நகராட்சியில் மனு கொடுக்கப் போகிறேன். அப்பத்தாவிடம் படித்துக் காட்டினேன். வலது கையில் இன்னும் சரியாகப் பிடிமானம் வரவில்லை, இடது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பாதி வழியில ஒரு பூவரசும், அடியில உக்கார ஒரு திண்டும் கேளு" என்றார். அதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.