ஹெரால்டின் பின்சக்கரமும் என் வலது காலும்

போன வருடம் ஜனவரியில் என் பழைய ஹெரால்டு காரில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் 14 விநாடி எடுத்தேன். சுற்று 3.717 கிலோமீட்டர். கணக்குப் போட்டால் மணிக்கு 69 கிலோமீட்டர்கூட முழுசாக வரவில்லை. அந்த வேகத்தில் ஈ.சி.ஆரில் போனால் அரசுப் பேருந்து ஹார்ன் அடித்து ஒதுக்கிவிட்டுப் போகும். ஆனாலும் வண்டியை விட்டு இறங்கியபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, நானும் ஏதோ பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பில் இருந்தேன். டைம் குறிக்கும் அக்கா (பணி ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், எங்கள் ஸ்போர்ட்ஸ் கார் க்ளப்பில் எல்லோருக்குமே அக்காதான்) சீட்டை நீட்டினார். கடைசியிலிருந்து இரண்டாவது. எனக்கும் கீழே இருந்த வண்டி பாதியில் ரேடியேட்டர் கொதித்து நின்றுபோன ஒரு பியட்.

அன்றைக்கு ஆரம்பித்த கதை இது. ஒரு வருடத்தில் அந்த 3:14 எவ்வளவு குறைந்தது, எதனால் குறைந்தது என்று எழுதி வைக்கிறேன். ஹெரால்டு வைத்திருக்கிற யாருக்காவது உதவும், என்னைப் போல தப்பான இடத்தில் காசைக் கொட்டாமலாவது இருப்பார்கள்.

வண்டி 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு, 948 சிசி. ஸ்போர்ட்ஸ் கார் க்ளப்பில் இதற்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற அழகான இரண்டு சீட்டு வண்டி 1962ல் வந்ததே, அது ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி அதன் மேல் கட்டியது. இரண்டுக்கும் உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1965 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஸ்பிட்ஃபயர் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. ஆக நம் வண்டி ரேஸ் காருக்குப் பெரியப்பா முறை. பெரியப்பாவுக்கு மூட்டு வலி இருக்கிறது, அவ்வளவுதான்.

தனி சேஸி, அதன் மேல் போல்ட் போட்டு மாட்டுகிற பாடி. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகத் திறக்கும் பானட். திறந்துவிட்டு முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம், இந்த ஒரு வசதிக்காகவே இதை விற்க மனசு வரவில்லை. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் பக்கம் செய்த வண்டி என்பதால் நம் ஊர்க்காரன் என்ற பாசமும் உண்டு. அப்பா சின்ன வயதில் சோழவரத்துக்கு ரேஸ் பார்க்கப் போவார். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அது, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்று பார்த்தோம் என்பார். ஹெரால்டு வளைவில் திரும்பும்போது பின்சக்கரம் "காலை மடக்கிக்கிட்டுப் போகும்டா" என்று அவர் சொன்னதை நான் பல வருடம் அலங்காரப் பேச்சு என்று நினைத்திருந்தேன். அலங்காரம் இல்லை, அப்பட்டமான உண்மை. அது பின்னால் வருகிறது.

முதல் ஆறு மாதம் என்ஜினிலேயே போயிற்று. வேகம் இல்லையென்றால் என்ஜினில் கை வைப்பது எல்லோருக்கும் வரும் புத்தி. பெரிய என்ஜின் எதையாவது மாட்டிவிடலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். அது ஆகாது. 2021ல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்து, புது நம்பர் வரிசையில் VA எழுத்து வாங்கலாம், புதிதாகப் பதிவதற்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் சேஸி, பாடி, என்ஜின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. எனக்கும் 948ஐ விட்டுக் கொடுக்க இஷ்டமில்லை.

சரி என்று ஹெட்டை இறக்கி, லேசாகச் சீவி, வால்வை கிரைண்ட் செய்து, டாப்பெட் இடைவெளியை 10 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு) வைத்து மூடினோம். பழைய கூப்பே மாடலில் வந்த மாதிரி இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர் ஒரு ஜோடியைத் தேடிப் பிடித்தேன். இரண்டையும் ஒரே மாதிரி மூச்சு விட வைப்பதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. ரப்பர் குழாயின் ஒரு முனையை காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் பிடித்து, உஸ்ஸ் சத்தம் இரண்டிலும் சமமாகும் வரை ஸ்குரூவைத் திருப்ப வேண்டும். பக்கத்து வீட்டுத் தாத்தா காம்பவுண்ட் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, டாக்டருக்குப் படிச்சிருக்கலாமேப்பா என்றார்.

இந்த வேலையில் உருப்படியாக ஒன்று நடந்தது. புதுப்பேட்டையில் எனக்குப் பழக்கமான பாய் ஒருத்தர், அறுபது வயதுக்கு மேல், ஹெரால்டு ஓடிய காலத்திலேயே பட்டறையில் பையனாக இருந்தவர். என்ஜினைத் தொடுவதற்கு முன்னால் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். என்னை உள்ளே உட்கார வைத்து கிளச்சை மிதிக்கச் சொன்னார், அவர் முன்னால் குனிந்து, என்ஜினின் கிராங்க் தண்டு முனையில் இருக்கும் புல்லியைப் பார்த்தார். மிதித்தபோதெல்லாம் புல்லி கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் வந்து போனது. "த்ரஸ்ட் வாஷர் தேஞ்சு போச்சு தம்பி. இது கீழ விழுந்துச்சுன்னா கிராங்க் பிளாக்கையே அறுத்துடும், அப்புறம் என்ஜின மறந்துட வேண்டியதுதான்." கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பது அந்த வாஷர்தான், இந்தக் குடும்பத்து என்ஜின்களுக்கெல்லாம் இருக்கிற பிரபலமான பலவீனம் இது. என்ஜினை இறக்கத் தேவையில்லை, அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, பின் மெயின் பேரிங் கேப்பை எடுத்துவிட்டு, புது வாஷரை வழுக்கி உள்ளே தள்ளிவிடலாம். ஹெரால்டு வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தப் புல்லியைப் பாருங்கள்.

பெட்ரோல் குழாய் எல்லாவற்றையும் மாற்றினேன். இப்போது பங்கில் வருவது இ20, எத்தனால் கலந்தது, பழைய ரப்பருக்கு ஆகவே ஆகாது. மெக்கானிக்கல் பம்ப்பின் டயாஃபிரம் கருவாடு மாதிரி விறைத்துப் போயிருந்தது. வெயில் காலத்தில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வேப்பர் லாக் ஆனால் பம்ப் மேல் ஈரத் துணி போடுகிற பழைய வைத்தியம் இன்றைக்கும் வேலை செய்கிறது.

ஆகஸ்டில் க்ளப் மறுபடியும் அரை நாள் டிராக் எடுத்தது. இவ்வளவு செலவுக்கு 3:11. மூன்றே விநாடி! வீட்டில் செலவுக் கணக்கைச் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப் போவதில்லை.

அதே நாளில்தான் சுழன்றேன். நீண்ட நேர்சாலை முடிந்து வளைவுக்குள் கொஞ்சம் அதிக வேகத்தில் நுழைந்துவிட்டேன், பயத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன். பின்பக்கம் யாரோ கயிறு கட்டி மேலே தூக்கின மாதிரி எழும்பியது, அடுத்த கணம் நான் வந்த வழியையே பார்த்துக்கொண்டு புல்லில் நிற்கிறேன், எதிரே ஒரு பியட் 1100 வருகிறது. அவர் நிதானமாக ஒதுங்கிப் போனார். பிட்டுக்குத் திரும்பி வந்ததும் எம்.ஜி. டிடி என்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் மூத்த அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கால எடுத்தியா?"

"ஆமாண்ணே."

"அங்க எடுக்கக் கூடாது. எடுக்கணும்னா முன்னாடியே எடு."

அப்பா சொன்ன காலை மடக்குகிற விஷயம் இதுதான். ஹெரால்டின் பின் ஆக்சில் ஒரே தண்டு இல்லை. நடுவில், என்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியல் சேஸியோடு நிலையாக நிற்கும், இரண்டு பக்கமும் சக்கரத்துக்குப் போகும் ஹாஃப் ஷாஃப்ட் அதிலிருந்து கதவுக் கீல் மாதிரி மேலும் கீழும் ஆடும். இந்த இரண்டு சக்கரத்தையும் தாங்குவது குறுக்கே கிடக்கும் ஒரே பட்டை ஸ்பிரிங். வளைவின் நடுவில் காலை எடுத்தால் எடை முன்னால் போய் பின்பக்கம் உயரும், உயர்ந்தால் வெளிப்பக்கச் சக்கரத்தின் அடிப்பாகம் உள்நோக்கி மடங்கும், டயர் விளிம்பில் மட்டும் நிற்கும், பிடி போய்விடும். பிற்பாடு 1970களில் ஹெரால்டு, கெஸல் என்ற புது மாடல் ஆனபோது இந்த அமைப்பையே எடுத்துவிட்டு சாதாரண ஒற்றை ஆக்சில் போட்டார்கள். ஸ்பிட்ஃபயரில் 1970லிருந்து ஸ்பிரிங்கின் பட்டைகளில் பெரும்பாலானதை நடுவில் ஆடவிட்டு இதைச் சரி செய்தார்கள், ஸ்விங் ஸ்பிரிங் என்று பெயர்.

பெங்களூரில் ஸ்பிட்ஃபயர் வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருத்தர் தன்னிடம் உபரியாக இருந்த ஸ்விங் ஸ்பிரிங்கைத் தருவதாகச் சொன்னார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அதை மாட்டினால் முன்னால் ஆன்டி ரோல் பாரும் தடிமனாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி வளைவில் தொட்டில் மாதிரி சாயும். அந்த பார் அவரிடம் இல்லை. அதனால் இருக்கிற ஸ்பிரிங்கின் வளைவைக் கொஞ்சம் குறைத்து, பின்பக்கத்தைத் தாழ்த்துவது என்று முடிவு செய்தேன். வேண்டாமென்றால் பழையபடி வளைத்துக்கொள்ளலாம்.

பின் சீட்டைத் தூக்கி, அடியில் இருக்கும் தகட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்கின் ஸ்டடு நட் எல்லாம் கைக்கு வரும். லாரிக்குப் பட்டை அடிக்கிற கடை ஒன்றில் கொடுத்தேன். அவர்கள் முதல் தடவை வளைவை அதிகமாக எடுத்துவிட்டார்கள், மாட்டிப் பார்த்தால் வண்டி பிரசவத்துக்குப் படுத்த பசு மாதிரி உட்கார்ந்துவிட்டது. திரும்பக் கழற்றி, திரும்பக் கொடுத்து, ஒரு வாரம்.

பின்சக்கரத்தின் சாய்வை அளப்பதற்கு வீட்டில் எந்தக் கருவியும் கிடையாது. கொத்தனாரிடம் தூக்குக்குண்டு ஒன்று இரவல் வாங்கினேன். மட்கார்டிலிருந்து தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தை ஸ்கேலில் பார்த்தால் போதும், 13 அங்குல ரிம்முக்கு ஆறு மில்லிமீட்டர் வித்தியாசம் சுமார் ஒரு டிகிரி. இதில் ஒரு பாடம் உண்டு: ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளக்காதீர்கள். இந்த வண்டியில் சக்கரம் உள்ளே மடங்கியபடியே தரையில் உட்காரும், பத்தடி முன்னும் பின்னும் தள்ளிய பிறகுதான் தன் இடத்துக்கு வரும். இது தெரியாமல் ஒரு முழு மாலை நேரத்தை அளந்து அளந்து வீணாக்கினேன். கடைசியில் மேல்பாகம் உள்ளே சாய்ந்தபடி இரண்டு டிகிரியில் நிறுத்தினேன்.

முன்பக்கத்தைப் பார்த்தபோது வேறொரு பயம் வந்தது. சக்கரம் திரும்புகிற கீழ் மூட்டுக்கு ட்ரன்னியன் என்று பெயர், பித்தளை மாதிரி ஓர் உலோகத்துக்குள் இரும்பு மரை திரும்பும். அதற்கு கியர் ஆயில்தான் விட வேண்டும், இபி90. நான் எட்டு வருடமாக கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தேன், நிப்பிளைப் பார்த்தால் கிரீஸ் கன் எடுக்கத்தானே தோன்றும். கிரீஸ் கெட்டியாகி அடைத்துக்கொள்ள, தண்ணீர் இறங்கி மரை துருப்பிடிக்கும், ஒருநாள் முறிந்து சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கும். என்னுடையதில் இடது பக்கம் துரு ஆரம்பித்திருந்தது. இரண்டு பக்கமும் மாற்றிவிட்டேன். 3:14 ஓடியது இந்த மூட்டை நம்பித்தான் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

பிரேக் நான்கும் டிரம். டிரம்மைக் கடைந்து, புது லைனிங், புது வீல் சிலிண்டர். சொல்ல வேறொன்றும் இல்லை.

நடுவில் டிசம்பரில் மாமல்லபுரம் வரை க்ளப்பின் டி.எஸ்.டி. ஓட்டம். வேகப் போட்டி இல்லை, கொடுத்த சராசரி வேகத்தில் விநாடி பிசகாமல் போக வேண்டும், சீக்கிரம் வந்தால் தாமதத்தைவிட இரண்டு மடங்கு அபராதம். மணிக்கு 36 என்றால் விநாடிக்கு 10 மீட்டர், மனக்கணக்கிலேயே போடலாம். 34.5 என்று கொடுக்கும்போதுதான் புருஷன் பெண்டாட்டி சண்டை ஆரம்பிக்கும். என் மனைவிதான் நேவிகேட்டர், கணக்கில் தப்பே செய்ய மாட்டாள். தப்பு என்னுடையது. டிராக்குக்காக அளவு மாறிய ரேடியல் டயர் போட்டிருந்தேன், ஓடோமீட்டர் 3 சதவீதம் பிசகியதைச் சரிபார்க்கவில்லை. 20 கிலோமீட்டரில் 600 மீட்டர், அதாவது ஒரு நிமிடத்துக்கு மேல் அபராதம். கோவளம் தாண்டி, நேரம் குறிக்கும் கண்ட்ரோலில் அக்கா கடிகாரத்தைக் காட்டிச் சிரித்ததும், திரும்பி வரும் வழி முழுக்க வண்டிக்குள் நிலவிய மௌனமும் மறக்காது. முதல் பரிசு அந்த ரேடியேட்டர் கொதித்த பியட்காரருக்கு.

எம்.ஜி. டிடி அண்ணனால் வர முடியவில்லை. அந்த வண்டியின் பாடிக்குள் இருப்பது மரச்சட்டம். கதவுத் தூணைக் கரையான் அரித்துவிட்டது, தச்சர் வீட்டில் நிற்கிறது. கார் எங்கே என்றால் ஆசாரி வீட்டில் என்று பதில் சொல்கிற ஒரே ஆள் இவர்தான்.

இந்த ஜனவரியில் மறுபடியும் இருங்காட்டுக்கோட்டை. என்ஜின் ஆகஸ்டில் இருந்த அதே என்ஜின், ஒரு ஸ்குரூகூடத் திருப்பவில்லை. முதல் ஐந்து சுற்று பழைய பயத்தோடு ஓட்டினேன், 3:09. அப்புறம் நேர்சாலையிலேயே பிரேக் பிடித்து, வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடியே போனேன். பின்பக்கம் அமுங்கி உட்கார்ந்தது. கால் தானாக எழப் பார்க்கிறது, எழ விடக் கூடாது, பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 3:04. 3:01. கடைசிச் சுற்றில் அக்கா சீட்டில் எழுதினது 2:58. பதினாறு விநாடியில் என்ஜின் கொடுத்தது மூன்று.

பியட்காரர் 2:56. ரேடியேட்டர் புதுசு.

இப்போது வலது பின்சக்கரத்தின் உட்புறம் ஆயில் கசிகிறது, ஹாஃப் ஷாஃப்ட் சீல் என்று நினைக்கிறேன், பிரேக் ஷூவையும் நனைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாய் கடை திறந்ததும் போக வேண்டும். கொத்தனார் தூக்குக்குண்டைத் திருப்பிக் கேட்கிறார்.