டேப் ஒட்ட வேண்டிய இடம்

"கையேடு எழுதியவர் என் இறக்கையைப் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்துவிட்டீர்கள்." நான் பராமரிக்கும் ஒரு கிளைடரின் (எஞ்சின் இல்லாமல் பறக்கும் விமானம்) உரிமையாளர் சொன்னது இது. நான் கொடுத்த பதில் சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் மனசு முழுசாக ஒப்பவில்லை.

விஷயம், இறக்கையின் அடிப்பரப்பில் ஒட்டும் ஜிக்ஜாக் டேப். தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஆயிரம் நம்பர் உப்புத்தாளால் நாள்கணக்கில் தேய்த்து இறக்கையை வழவழப்பாக்குகிறோம்; அப்புறம் நாமே அதில் ஒரு சொரசொரப்பை ஒட்டுகிறோம். காரணம் இருக்கிறது. காற்று அடுக்கடுக்காகச் சீராக நழுவும்வரை உராய்வு குறைவு. கிளைடர் இறக்கையில் ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் இறக்கையின் அகலத்தையும் வைத்து ஓட்டத்தின் தன்மையைக் காட்டும் எண்) பத்து லட்சத்தை ஒட்டி இருக்கும்; அந்த அளவில் கொந்தளிப்பான ஓட்டத்தின் உராய்வு சீரோட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல். ஆகவே சீரோட்டத்தை முடிந்தவரை பின்னுக்கு நீட்டத்தான் எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் பின்விளிம்பை நெருங்கும்போது அழுத்தம் ஏறத் தொடங்கும். அதை எதிர்த்துப் போகச் சீரோட்டத்துக்குத் தெம்பு கிடையாது. பரப்பைவிட்டுப் பிரிந்து, கொந்தளித்து, சற்றுத் தள்ளி மறுபடி ஒட்டும். நடுவில் உண்டாகும் குமிழிதான் இழுவையைக் கூட்டுகிறது. ஓட்டம் பிரிவதற்குக் கொஞ்சம் முன்னால் டேப் இருந்தால், அது அங்கேயே கொந்தளிப்பாகிப் பரப்பைப் பிடித்துக்கொண்டு போய்விடும். ரொம்ப முன்னால் ஒட்டினால் சீரோட்டம் வீண். பின்னால் தள்ளிப்போனால் டேப் குமிழிக்குள் சும்மா கிடக்கும்.

அவருக்கு இதையெல்லாம் நான் விளக்க வேண்டியதே இல்லை. மர இறக்கையில் பறக்கப் பழகியவர். மரத்தை எவ்வளவு இழைத்தாலும் மேடுபள்ளம் மிஞ்சும்; 1957இல் ஸ்டுட்கார்ட்டில் எப்ளரும் நேகலேவும் கண்ணாடியிழையில் ஃபீனிக்ஸ் என்ற கிளைடரைச் செய்த பிறகுதான் சீரோட்டம் நிஜமாகக் கைக்கு எட்டியது என்று எனக்கே பாடம் எடுத்தவர்.

அன்று காற்று ஓடும் விதம் கோலமாகத் தெரியட்டும் என்று அடிப்பரப்பில் கறுப்பு எண்ணெய் தடவி அனுப்பினோம். ஒரே வேகத்தில் சில நிமிடம் பறந்து இறங்கினார். இரண்டு பேரும் இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். முன்பக்கம் எண்ணெய் மெல்லிய கோடுகளாக நீண்டிருந்தது. அப்புறம் குறுக்கே ஒரு கறுத்த பட்டை, எண்ணெய் நகராமல் தேங்கிய இடம். அதற்குப் பின்னால் துடைத்துவிட்டாற்போல் சுத்தம். இறக்கையின் வெளிப்பாதியில் அந்தப் பட்டை டேப்புக்கு இரண்டு விரல் முன்னாலேயே தொடங்கியிருந்தது. வருஷக்கணக்கில் பிசின் சுருங்கி இறக்கையின் வளைவு கொஞ்சம் மாறியிருக்கலாம்.

"இரண்டு விரல் முன்னால் ஒட்டுங்கள்" என்றார். கையேட்டில் போட்டிருக்கும் இடத்தில்தான் ஒட்டுவேன் என்றேன். அப்போதுதான் அந்த வாக்கியம். "ஒரே ஒரு வேகத்தில்தானே பார்த்தேன்" என்று பதில் சொன்னேன்.

அது பொய்யில்லை. வேகம் மாறினால் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் மாறும், ஓட்டம் பிரியும் இடமும் நகரும். தெர்மலில், அதாவது மேலெழும் வெப்பக்காற்றில், மெதுவாகச் சுற்றும்போது ஒன்று, அடுத்த தெர்மலுக்கு விரையும்போது வேறொன்று. கையேட்டின் கோடு எல்லா வேகத்துக்கும் சேர்த்துப் பார்த்துப் போட்ட கோடு. போதாததற்கு, இறங்க வரும்போது மாறும் வேகமே எண்ணெயை இழுத்துக் கோலத்தைக் கலைத்திருக்கக்கூடும். இரண்டு விரல் வித்தியாசத்தில் கிடைக்கும் லாபமும் சின்னதுதான். கோடை மதியத்தில் முன்விளிம்பில் அப்பும் பூச்சிகள் அதைவிட அதிகம் தின்றுவிடும். அதற்காகத்தான் நூலில் ஓடும் துடைப்பானையே மாட்டிக்கொண்டு பறக்கிறார்கள்.

லாபம் சின்னது என்றால் நாள்கணக்கில் எதற்குத் தேய்க்கிறேன்? இந்த வேலையில் எல்லா லாபமும் சின்னதுதான். சின்னச் சின்னதாகச் சேர்த்துத்தான் ஒரு கிளைடர் தூரம் போகிறது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

என் பதிலைக் கேட்டு அவர் வாதாடவில்லை. "சரி, கையெழுத்து உங்களுடையது" என்றார். அவ்வளவுதான். நான் காற்றைப் பற்றிப் பேசினேன். அவர் கையெழுத்தைப் பற்றிப் பேசினார். கையேட்டில் இல்லாததைச் செய்துவிட்டுப் பராமரிப்புப் பதிவில் கையெழுத்துப் போட முடியாது என்பது உண்மை. அதையே நேராகச் சொல்லியிருந்தால் அவர் ஏற்றிருப்பார். நான் அதைச் சொல்லவில்லை. வேறு வேகங்களிலும் பார்த்துவிட்டு, அப்போதும் பட்டை முன்னாலேயே இருந்திருந்தால்? ஒட்டியிருப்பேனா? மாட்டேன். அப்படியானால் வேகத்தைப் பற்றிச் சொன்னது காரணமா, சாக்கா? காரணமும்தான் என்று ஒரு நாள் தோன்றுகிறது, இன்னொரு நாள் தோன்றவில்லை.

இப்போது யாராவது இதே சந்தேகத்தோடு வந்தால் மூன்று வேகங்களில் எண்ணெய் தடவிப் பார்க்கச் சொல்கிறேன். படங்களை அளவோடு குறித்துக் கொடுத்து, தயாரிப்பாளருக்கு அனுப்பிக் கேளுங்கள் என்கிறேன். டேப்பைக் கையேட்டுக் கோட்டில்தான் ஒட்டுகிறேன். அவரே மறுபடி வந்து கேட்டாலும் அதைத்தான் செய்வேன். எந்தக் காரணத்தை முதலில் சொல்வேன் என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.