நயினாதீவு அம்மாளுக்கு வச்ச நேர்த்தி

தங்கச்சிக்கு கலியாணம் முடிஞ்சு கனகாலமா பிள்ளை இல்லை, அப்ப அம்மம்மா தான் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துக் கடலில இருக்கிற நயினாதீவு நாகபூசணி அம்மாளுக்கு நேர்த்தி வச்சவ, பிள்ளை பிறந்தா கொண்டுவந்து உன்ர வாசல்ல கிடத்தி வெள்ளி நாகபடம் சாத்துறன் தாயே எண்டு. பிள்ளை பிறந்திட்டுது, அம்மம்மா இப்ப இல்லை. அவவின்ர வாக்கு தவறக்கூடாது எண்டு குடும்பமா வெளிக்கிட்டம்.

தீவுக்கு போட் ஏறுற குறிகட்டுவான் மட்டும் சுகமான பயணம், இறங்கினாப் பிறகு தான் பாடு. லீவு நாள் வேற, தெற்கில இருந்து பஸ் பஸ்ஸா அதே தீவில இருக்கிற நாகதீப புத்த விகாரைக்கு வந்த சிங்களச் சனம், எங்கட சனம், ஜெற்றியில கால் வைக்க இடமில்லை. லைன்ல நிண்டவையை விட்டுட்டு இடையில பூருறவை, காசு தந்தா கெதியா ஏத்திவிடுறம் எண்டு பின்னாலயே வாறவை, கைக்குழந்தை எண்டும் பாக்காம இடிக்கினம், கோயிலுக்கு வாற இடத்தில இது சரியே? போட்டில கீழ்த்தட்டு தான் கிடைச்சுது, டீசல் மணத்துக்கும் வெக்கைக்கும் பிள்ளை வீரிட்டு அழுது. பக்கத்தில வெள்ளைச் சீலையோட இருந்த சிங்கள அம்மா ஒராள், மடியில தன்ர பேரன் நித்திரை, ஒண்டும் கேக்காம விசிறியை எடுத்து எங்கட பிள்ளைக்கு விசுக்கத் தொடங்கிட்டா. அத்தானுக்கு சிங்களம் நல்லா வரும், கதைச்சுப் பாத்தா அவையும் குருநாகல்ல இருந்து பிள்ளை நேர்த்திக்குத் தான் வந்திருக்கினம், முதல்ல விகாரையில பூ வச்சிட்டு பிறகு அம்மாளிட்ட வருவினமாம்.

மகோதரன், சூளோதரன் எண்ட ரெண்டு நாக ராசாக்கள் மணி ஆசனத்துக்குச் சண்டை பிடிக்க புத்தர் நாகதீபத்துக்கு வந்து தீர்த்துவச்சவர் எண்டு மகாவம்சம் எண்ட பழைய பாளி நூலில இருக்கு, அந்த நாகதீபம் இந்தத் தீவு தான் எண்டு சிங்கள ஆக்கள் நம்பினம், அவை வாறது அதுக்கு. எங்களுக்கு, பக்கத்துப் புளியந்தீவில இருந்து பூவோட கடல் நீந்தி வந்து அம்மாளைப் பூசிச்ச நாகம். ரெண்டு பக்கமும் நாகம் தான், நினைக்கவே மெய் சிலிர்க்குது.

உச்சிக்காலப் பூசைக்கு உள்ள மூச்சு விட இடமில்லை. தங்கச்சி பிள்ளையைக் கிடத்தி நாகபடத்தை ஐயரிட்ட குடுக்கேக்க கை நடுங்கினது. திரை விலகி தீபம் ஏற, அழகான சிவப்புப் பட்டில அம்மாள் சிரிச்சுக்கொண்டு நிக்கிறா, அம்மம்மா ஞாபகம் வந்து எனக்கு கண் மறைச்சிட்டுது, கும்பிடவே ஏலாமல் போச்சு. துடைச்சிட்டு திரும்பினா அந்த அம்மா எங்களுக்குப் பக்கத்தில, பழத்தட்டோட, பேரனைக் கிடத்திப்போட்டு கண் மூடி உதடு அசையுது. அவை மந்திரம் சொல்லுகினமோ என்னவோ, நாங்க அரோகரா எண்டம், ரெண்டு பிள்ளையும் ஒரே நிலத்தில கிடந்து கை கால் அடிக்குதுகள். எவ்வளவு அழிவு கண்ட மண் இது. அம்மாள் ஆரையும் வேற எண்டு பாக்கேல்லை.

பிறகு கோயில்ல அன்னதானம் குடுக்கிற அமுதசுரபி மண்டபத்தில அவையும் எங்களோட இருந்து சாப்பிட்டவை. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைச்ச மணிபல்லவம் இந்தத் தீவு தான் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுறவை, அவவும் புத்தரைக் கும்பிட்டவ தானே. சோறும் பருப்பும் பூசணிக்காய் கறியும், அப்பிடி ஒரு ருசி.

தாயே, அம்மம்மா கேட்டதைக் குடுத்திட்டாய், அந்த அம்மா கேட்டதையும் குடுத்திட்டாய், இன்னும் பிள்ளை வரம் கேட்டு உன்ர வாசல்ல நிக்கிற எல்லாருக்கும் குடு அம்மா.