பத்து மில்லிமீட்டர் கொடி

நவம்பர் 16
1971இன் பழைய விக்ராந்த், விமானந்தாங்கிக் கப்பலின் மாதிரி, அதற்குக் கடற்படைக் கொடி. 1:350 அளவு. கொடி நீளம் 10 மி.மீ., அசலில் மூன்றரை மீட்டர். A4 தாளின் தடிமன் 0.1 மி.மீ. அதை 350ஆல் பெருக்கினால் 35 மி.மீ. அது கொடியில்லை, பலகை. சமையலறை ஃபாயில் ஏறக்குறைய 0.015, பெருக்கினால் ஐந்து மி.மீ. சொச்சம். ஃபாயில்தான்.

நவம்பர் 17
அச்சடித்த பதினாறு டெக்காலும் (நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) வீண். சிலுவை நடுவே சிங்க முகம்! அது 2004இல் வந்தது. 1961 முதல் 1997 வரை பழைய விக்ராந்தில் பறந்தது வெள்ளை, சிவப்புச் சிலுவை, மேல்மூலையில் மூவர்ணம், அவ்வளவே. எண்கோண முத்திரை 2022இல் வந்தது, புது விக்ராந்துக்கு உரியது. 1971 கப்பலில் இவை ஏறவே கூடாது.

நவம்பர் 19
சக்கரம்.

நவம்பர் 20
மூவர்ணத்தின் நடுவே உள்ள சக்கரத்தின் விட்டம் 0.75 மி.மீ. 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறுக்கே பதினெட்டுப் புள்ளி. இருபத்து நான்கு ஆரமும் வரைந்தால் நீல மொத்தையாகிறது. விளிம்பு வளையமும் நடுப்புள்ளியும் மட்டும் விட்டு, உள்ளே வெளிர்நீலம் நிரப்பினால் கண் ஆரங்களைத் தானே பார்த்துக்கொள்கிறது. சிவப்பும் அப்படியே அடித்தால் கத்துகிறது. பத்தில் ஒரு பங்கு வெள்ளை கலந்தால் அடங்குகிறது.

நவம்பர் 23
பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. ஃபாயிலின் இருபுறமும் முதலில் வெள்ளை, ஏர்பிரஷ்ஷில், மெல்லியதாக. தூய வெள்ளை வேண்டாம், துளி சாம்பல் சேர்த்து. ஃபாயிலைக் கொடியைவிடப் பெரிதாகவே விட வேண்டும். ஒருபுறம் டெக்கால் ஒட்டி, நான்கு மூலையிலும் ஊசியால் குத்தி, பின்புறம் அந்தத் துளைகளை வைத்துக் கண்ணாடிப் பிம்ப டெக்கால். துளையில்லாமல் செய்ததில் சிலுவை அரை மி.மீ. விலகியது. வெட்டுவது கடைசியில், புது பிளேடால். விளிம்பில் தெரியும் வெள்ளிக்கோட்டைத் தூரிகையால் மூட வேண்டும். சிலுவை முடியும் இடங்களில் சிவப்பு.

நவம்பர் 25
மழை. வார்னிஷ் அடிக்கவில்லை. ஈரக்காற்றில் வெள்ளையாகப் பூத்துவிடும்.

நவம்பர் 28
மடிப்பு. முதல் கொடியில் டெக்கால் காய்ந்தபின் வளைத்தேன், மடிப்பு நெடுக வெடித்தது. இரண்டாவதில் மென்மையாக்கும் திரவம் தடவி, ஈரம் போகுமுன் 0.8 மி.மீ. கம்பியில் உருட்டியதில் வெடிப்பில்லை. ஆனால் ஒரே அளவு அலைகள், தகரக் கூரை. மூன்றாவது துவண்டு தொங்கியது, அழகாகத்தான் இருந்தது. ஆனால் தளத்தில் சீ ஹாக் போர்விமானம் கவணில் (விமானத்தை உந்தி ஏவும் பொறி) புறப்படத் தயாராக நிற்கிறது. கப்பல் காற்றை எதிர்த்து ஓடுகிறது. 1971இல் ஒரு கொதிகலன் விரிசல் விட்டு வேகம் குறைந்திருந்தாலும், அந்தக் காற்றில் கொடி தொங்காது. பின்னோக்கி விறைத்து நிற்கும்: கயிற்றுப் பக்கம் ஏறக்குறைய தட்டை, பறக்கும் முனைக்குப் போகப் போக அலை ஆழமாகும், சற்றே சாய்வாக. புகையும் அதே திசையில் போக வேண்டும். முகப்புக் கம்பத்தில் கொடி கூடாது. அது துறைமுகத்தில் நிற்கும்போது ஏற்றுவது.

நவம்பர் 30
சக்கரம் இன்னும் கருப்பாகத் தெரிகிறது. நீலத்தை இன்னும் வெளுக்க வேண்டும்.

டிசம்பர் 2
வெயில். மேட் வார்னிஷ் ஒரே பூச்சு. டெக்கால் பளபளப்பு போயிற்று.

டிசம்பர் 3
பிளாஸ்டிக் ஸ்ப்ரூவை (மாதிரியின் பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டம்) சுடரில் காட்டி இழுத்த இழைதான் கொடிக்கயிறு. பருத்தி நூலில் பிசிர் தெரிகிறது. மேல் மூலை ஒட்டியாயிற்று, ஊசிமுனைப் பசை. கீழ் மூலைக்கு முன் பசை காய வேண்டும், இழுத்தால் கொடி சரியும். கீழ் மூலை நாளைக் காலை.