பைதான் ஆவணத்தில் ஒரு வரியைத் திருத்த

பைதான் நிரல்மொழியின் அதிகாரப்பூர்வ ஆவணத்தில் தவறு கண்டால் மாற்ற வேண்டியது பெரும்பாலும் ஒரே வரிதான். நேரமெல்லாம் அதற்கு முன்னாலேயே போய்விடும். தவறு ஆவணத்திலா, நிரலிலா, இல்லை நாம்தான் வேறு பதிப்பின் பக்கத்தைப் படிக்கிறோமா என்று முதலில் தெரிய வேண்டும்.

பதிப்பிலிருந்து தொடங்குங்கள். ஆவணத் தளத்தின் முகவரியில் வெறும் 3 என்று இருந்தால், அது கடைசியாக வெளிவந்த நிலையான பதிப்பு. கணினியில் 3.9 ஓடிக்கொண்டிருக்க, இந்தப் பக்கத்தைப் பார்த்து 'எடுத்துக்காட்டு வேலை செய்யவில்லை' என்று எழுதுகிறவர்கள் ஏராளம். கட்டளைவரி நிரல்களுக்கான ஆர்க்பார்ஸ் தொகுதியின் உதவித் திரையில் 'ஆப்ஷனல் ஆர்க்யுமென்ட்ஸ்' என்றிருந்த தலைப்பு 3.10இல் 'ஆப்ஷன்ஸ்' ஆனது. வரிசையைக் காக்கும் அகராதி வகையான ஆர்டர்ட்டிக்ட் தன்னை அச்சிடும் வடிவம் 3.12இல் மாறியது; முன்பு இணைகளின் பட்டியலாக வந்தது இப்போது நெளிவடைப்புக்குள் வருகிறது. இரண்டிலுமே பழைய பக்கமும் சரி, புதிய பக்கமும் சரி. பக்கத்தின் மேலுள்ள பதிப்புப் பட்டியலில் உங்கள் பதிப்பைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பிறகு உருவாக்கத்தில் இருக்கும் பதிப்பையும் பாருங்கள். அது உருவாக்க வேலை நடக்கும் முதன்மைக் கிளையான மெயினிலிருந்து வருவது; அங்கே ஏற்கெனவே சரியாகியிருந்தால் நீங்கள் திருத்த ஒன்றுமில்லை, பழைய கிளைக்கும் கொண்டுவரலாமே என்று கேட்டால் போதும்.

அடுத்து, யார் பக்கம் தவறு? அந்தச் செயல்கூறைப் பற்றிய பகுதியைக் கடைசி வரி வரை படிக்க வேண்டும். 2.675ஐ இரண்டு தசம இடத்துக்கு ரவுண்ட் செய்தால் 2.67 வருவதைப் பிழை என்று பலர் நினைக்கிறார்கள்; அது ஏன் என்ற குறிப்பு அதே இடத்தில் இருக்கிறது. படித்தும் முரண் தீரவில்லை என்றால் பைதானின் மூல நிரலில் லிப் கோப்புறைக்குள் இருக்கும் டெஸ்ட் கோப்புகளில் தேடுங்கள். நிரலின் இப்போதைய நடத்தையை உறுதிசெய்யும் சோதனை ஒன்று அங்கே இருந்தால், அது வேண்டுமென்றே வைத்த நடத்தை, ஆவணத்தைத் திருத்தலாம். ரிவ்யூ செய்கிறவர்களிடம் இதைவிட வலுவான சான்று கிடையாது. சோதனை இல்லையென்றால் பைதான் நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் இஷ்யூ (பிழைப் பதிவு) திறந்து கேட்பதே முறை. நிரல் செய்வதை அப்படியே ஆவணத்தில் எழுதிவைத்தால், ஒரு பிழையை வாக்குறுதியாக மாற்றிவிட வாய்ப்பு உண்டு.

இஷ்யூவில் பக்கத்தின் முகவரி, பதிப்பு, தவறான வாக்கியம், முரணைக் காட்டும் நாலைந்து வரி நிரல், அதன் வெளியீடு, மாற்றாக நீங்கள் எழுதும் வாக்கியம் எல்லாம் இருக்கட்டும். 'இந்தப் பகுதி குழப்பமாக உள்ளது' என்று மட்டும் எழுதினால் அது அப்படியே கிடக்கும். எழுத்துப்பிழைக்கு இஷ்யூவே வேண்டாம்.

பக்கத்தின் ஓரத்திலுள்ள 'ஷோ சோர்ஸ்' இணைப்பு மூலக் கோப்பைக் காட்டும். நம்பை, பாண்டாஸ் போன்ற வெளி நூலகங்களின் ஆவணத்தில் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். அவற்றின் செயல்கூறு விளக்கப் பக்கங்கள் நிரலுக்குள் இருக்கும் டாக்ஸ்ட்ரிங்கிலிருந்து (செயல்கூறோடு சேர்த்து எழுதும் விளக்க உரை) உருவாகின்றன. பைதானின் சொந்த நூலக ஆவணமோ டாக் கோப்புறையில் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற குறியீட்டு வடிவில் கையால் எழுதப்பட்டது. ஹெல்ப் கட்டளை காட்டுவது டாக்ஸ்ட்ரிங்கை. ஆகவே ஒரே தவறு இரண்டு இடத்திலும் இருக்கலாம். சி மொழியில் எழுதிய செயல்கூறு என்றால் அதன் டாக்ஸ்ட்ரிங் பெரும்பாலும் ஆர்க்யுமென்ட் கிளினிக் (சி நிரலின் ஒரு பகுதியைத் தானாக உருவாக்கும் கருவி) தொகுதிக்குள் இருக்கும். அங்கே திருத்திவிட்டு 'மேக் கிளினிக்' ஓட்டி மற்றதைப் புதுப்பிக்க வேண்டும். தானாக உருவான பகுதியில் நேரடியாகக் கை வைத்தால் தானியங்கிச் சோதனை நிராகரித்துவிடும்.

ஒற்றை எழுத்துப்பிழை என்றால் உலாவியிலேயே திருத்தலாம். அதற்கு மேல் எதுவானாலும் ஃபோர்க் செய்து (உங்கள் கணக்கில் நகலெடுத்து), மெயினிலிருந்து தனிக் கிளை எடுத்து, டாக் கோப்புறைக்குள் தேவையான கருவிகளை நிறுவும் 'மேக் வென்வ்', பிறகு பக்கங்களைக் கட்டும் 'மேக் ஹெச்டிஎம்எல்' கட்டளைகளை ஓட்டுங்கள். ஆவணத்தைக் கட்டுவதற்குப் பைதானையே கம்பைல் செய்யத் தேவையில்லை. முதல் முறை நேரமெடுக்கும். அடுத்தடுத்து மாறிய கோப்புகள் மட்டும் கட்டப்படும். எடுத்துக்காட்டின் வெளியீட்டை மாற்றுவதானால் மட்டும் மெயினைக் கம்பைல் செய்து அதில் ஓட்டி எடுங்கள்; கணினியில் இருக்கும் பழைய பைதானின் வெளியீட்டை ஒட்டக்கூடாது.

கிட்ஹப்பில் எழுதப் பயன்படும் மார்க்டவுன் வடிவத்தின் பழக்கம் இங்கே காலை வாரும். நிரல் சொற்களுக்கு ஒற்றை பேக்டிக் அல்ல, இரட்டை. 'நோட்', 'வெர்ஷன்சேஞ்ச்டு' போன்ற டைரக்டிவுக்குப் பின் இரண்டு முக்காற்புள்ளி. ஒன்றை விட்டால் அந்தக் குறிப்பு முழுவதும் கமெண்ட்டாகி, பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் மறைந்துவிடும். பில்டு பிழையில்லாமல் முடிந்தது என்று நிம்மதி அடையாமல், குறியீட்டுத் தவறுகளைத் தேடும் 'மேக் செக்' ஓட்டுங்கள், கட்டிய பக்கத்தையும் கண்ணால் பாருங்கள். உள்தள்ளல் மூன்று இடைவெளி. 'வெர்ஷன்சேஞ்ச்டு' குறிப்பு நடத்தை மாறியதற்குத்தான், நீங்கள் ஆவணத்தைத் திருத்தியதற்கு அல்ல. இணைப்புப் பெயரில் தவறிருந்தால் அது இணைப்பாகாமல் வெறும் எழுத்தாக நிற்கும், அவ்வளவுதான். சொடுக்கிப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

ஒரு சொல்லை மாற்றியதும் பத்தி முழுவதையும் மறுபடி மடித்து அடுக்கத் தோன்றும். வேண்டாம். எந்தச் சொல் மாறியது என்று ரிவ்யூ செய்கிறவர் தேட வேண்டியிருக்கும். ரசனைக்காக வாக்கியங்களை மாற்றுவதும் அப்படித்தான். மொழிபெயர்ப்புக் கோப்புகளில் பத்திதான் அலகு. ஒரு காற்புள்ளி நகர்ந்தாலும் ஜப்பானியம், பிரெஞ்சு, கொரியம் என ஒவ்வொரு மொழிக் குழுவும் அந்தப் பத்தியைத் திரும்பப் பார்க்க வேண்டும். 'சிறு மேம்பாடு' புல் ரிக்வஸ்ட்டுகளுக்கு (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகளுக்கு) வரவேற்பு குறைவு என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

புல் ரிக்வஸ்ட் திறந்ததும் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டு ஒரு பாட் (தானியங்கிக் கணக்கு) வரும். கமிட்டில் (கிட்டில் பதிந்த மாற்றத்தில்) உள்ள மின்னஞ்சலும் ஒப்பந்தத்தில் உள்ளதும் வேறாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும்; கிட் அமைப்பை முதலிலேயே சரிபாருங்கள். நியூஸ் குறிப்பு (மாற்றப் பட்டியலுக்கான வரி) இல்லை என்று ஒரு சிவப்புக் குறி வரலாம். ஆவணத் திருத்தத்துக்கு அது தேவையில்லை. அனுமதி உள்ளவர் 'ஸ்கிப் நியூஸ்' லேபிள் போட்டால் போய்விடும். ரீட் த டாக்ஸ் தளம் தரும் முன்னோட்ட இணைப்பில் திருத்திய பக்கம் தெரியும். கருத்து வந்தால் புதிய கமிட்டாகச் சேருங்கள், ஃபோர்ஸ் புஷ் செய்து பழையதை மாற்றி எழுதாதீர்கள். சேர்க்கும்போது எல்லாம் ஒரே கமிட்டாகிவிடும் என்பதால் வரலாற்றை அழகுபடுத்தத் தேவையில்லை.

மெயினில் சேர்ந்த பிறகு, பராமரிப்பில் உள்ள பழைய பதிப்புகளுக்கும் அதைக் கொண்டுபோக பேக்போர்ட் லேபிள் போடுவார்கள். மிஸ் இஸ்லிங்டன் என்ற பாட் தனித்தனிப் புல் ரிக்வஸ்ட் திறக்கும். அந்தக் கிளைகளில் அதே பத்தி வேறாக இருந்தால் மோதல் வரும், கையால் செய்ய வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் மட்டும் பெறும் பழைய பதிப்புகளுக்கு ஆவணத் திருத்தம் போகாது. அந்தப் பக்கங்களில் தவறு அப்படியே இருக்கும், அதற்காக மறுபடி இஷ்யூ திறக்க வேண்டாம்.