காது

கிளிநொச்சியில் நாங்கள் வளர்ந்த காலத்தில் விமானத்தைக் காதால்தான் பார்த்தோம். குண்டு போடும் கிபிர் விமானமா, வேவு பார்க்கும் வண்டா என்று சத்தத்திலேயே பிரித்துவிடுவோம். கிபிர் என்றால் பங்கருக்குள் பாய்ச்சல். ஆளில்லாத வண்டு என்றால் மணிக்கணக்காகத் தலைக்கு மேலே இரையும். கோப்பையில் சோறு பாதியில் காயும்.

அந்தக் காதோடுதான் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைக்கு விமானம் ஓட்டப் பழகப் போனேன். வெளியே பாராமல் கருவிகளை மட்டும் வைத்து ஓட்டும் பயிற்சி தொடங்கிய அன்று இன்ஸ்ட்ரக்டர் சொன்னார்: “முகிலுக்குள் போனால் உன்னை முதலில் ஏமாற்றுவது உன் காதுதான்.” எனக்குக் கோபமே வந்தது.

அவர் சொன்னது உட்காதை. அங்குள்ள அரைவட்டக் குழாய்களின் திரவம்தான் நாம் திரும்புவதை மூளைக்குச் சொல்கிறது. ஒரே சீராக 20 விநாடி போலத் திரும்பிக்கொண்டிருந்தால் திரவமும் கூடவே ஓடத் தொடங்கிவிடும். பிறகு நேராகப் போவதாகவே உடம்பு சாதிக்கும். தை மாதத்தில் வயல்வெளியில் பனிப்புகார் மூடினால் எங்களூர்ச் சைக்கிள்காரர் இறங்கி உருட்டுவார். நாங்கள் பழகிய சின்ன விமானமான செஸ்னாவில் அதற்கு வழியில்லை.

நெற்றியில் ஹூட்டை மாட்டினால் கருவிப் பலகை மட்டும்தான் தெரியும். கண்ணை மூடச் சொல்லிவிட்டு விமானத்தைக் கண்டபடி பிரட்டுவார். பிறகு “இனி நீ எடு” என்பார். ஒருநாள் கண்ணைத் திறந்தால் வேக ஊசி ஏறுகிறது, உயர ஊசி இறங்குகிறது. உடம்புக்கோ ஒரு சரிவும் தெரியவில்லை. கை தானாக மூக்கை உயர்த்த இழுத்தது. பளாரென்று கையில் ஒரு தட்டு! சரிந்த நிலையில் இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். முதலில் பவரைக் குறைத்து, சரிவைக் காட்டும் செயற்கை அடிவானக் கருவியைப் பார்த்து இறக்கையை நிமிர்த்தி, அதன் பிறகுதான் மூக்கு. 1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் இந்தப் பழக்கமில்லாத 20 பேரைச் சோதித்தபோது ஒருவர் மிச்சமில்லாமல் கட்டுப்பாட்டை இழந்தார்களாம். அதற்கு எடுத்தது சராசரி 178 விநாடி.

யாழ்ப்பாணத்துப் பலாலிக்குப் பறந்த அன்று, கிளிநொச்சி வருமுன்னே மாங்குளத்திலேயே ஹூட்டைப் போடவைத்தார். “வலப்பக்கம் பெரிய குளம் ஒன்று” என்றார் சிறிது நேரத்தில். எங்களூர் இரணைமடு. நான் அடிவானம், உயரம், திசை என்று ஊசிகளுக்குள் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

இரவு அம்மா போன் எடுத்தா.

“வளவுக்குள்ள நிண்டனான். சின்ன எஞ்சின் சத்தம். நீதான் எண்டு விளங்கீட்டுது. நீ கீழ பாத்தனியோ?”

“ஓம் அம்மா” என்றேன்.