மடிநோய் ஆய்வேடு: தொழுவத்தில் கெட்ட மாதிரி ஆய்வகத்தில் தேறாது

கால்நடை மருத்துவ முதுகலையான எம்.வி.எஸ்சி. படிப்பில், வெளியே அறிகுறி தெரியாத சப்கிளினிக்கல் மடிநோயைத் தலைப்பாக எடுக்கப் பலர் முன்வருகிறார்கள். பால்தானே, சுலபமாகக் கிடைக்கும் என்ற நினைப்பு. கிடைப்பது சுலபம்தான், கெடுவது அதைவிடச் சுலபம். கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை வரை போன ஆய்வேடும் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் திணறுவது, மாதிரி எடுத்த விதம் பற்றிய கேள்விகளில்தான். அதனால் இங்கே தொழுவத்துக்குத்தான் அதிக இடம்.

முதலில் எண்ணிக்கை. நோய் 40 சதவீதம் இருக்கலாம் என்று கொண்டு, 10 சதவீதப் புள்ளி பிழை, 95 சதவீத நம்பகத்தன்மை வைத்துக் கணக்கிட்டால் 93 வரும். பிழையை 5 ஆகக் குறைத்தால் 369. இதை அப்படியே காம்புகளின் எண்ணிக்கை என்று எடுப்பதுதான் வழக்கமான தவறு. ஒரே மாட்டின் நான்கு காம்புகளும் தனித்தனி மாடுகள் அல்ல. ஒன்றில் தொற்று இருந்தால் மற்றவற்றிலும் இருக்க வாய்ப்பு கூடும். ஒரே மாட்டின் காம்புகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று காட்டும் ஒப்புமைக் கெழு 0.3 என்று வைத்தால், மற்ற மூன்று காம்புகளையும் சேர்த்து 1 + (3 × 0.3) = 1.9. 93-ஐ 1.9-ஆல் பெருக்க 177 காம்புகள், அதாவது 45 மாடுகள். புள்ளியியல் ஆசிரியரிடம் இதைக் காட்டிக் கையெழுத்து வாங்கிய பிறகு களத்துக்குப் போங்கள். மருத்துவமனைக்கு வந்த மாடுகளை மட்டும் எடுத்துவிட்டு, இந்த ஊரில் இத்தனை சதவீதம் என்று எழுதக் கூடாது. அவை ஏதோ குறை கண்டு கொண்டுவரப்பட்டவை.

கன்று ஈன்ற முதல் பத்து நாள், பால் வற்றப்போகும் கடைசிக் காலம் இரண்டையும் விலக்கிவிடுங்கள். சீம்பாலிலும் வற்றும் பாலிலும் நோயில்லாமலே உயிரணுக்கள் அதிகம். மருந்து விவரம் கேட்டால் "ஊசி போட்டாங்க" என்பதற்கு மேல் பதில் வராமல் போகலாம். தொழுவத்தின் கூரையிடுக்கில் காலிக் குப்பியோ மடிக்குள் ஏற்றும் டியூபோ செருகியிருக்கிறதா என்று பாருங்கள். மருந்து கொடுத்து எத்தனை நாள் ஆகியிருந்தால் மாட்டைச் சேர்க்கலாம் என்பதை முன்னமே எழுதி வையுங்கள். கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசியிருந்தால் அதையும் குறியுங்கள்.

நேரம், கறவைக்கு முன். கன்றை ஊட்டவிட்டுப் பால் இறக்கும் வீடுகளில் காம்பெல்லாம் கன்றின் எச்சிலாக இருக்கும்; கழுவி, ஒற்றி, முழுதாக உலரவிட வேண்டும். மடியில் ஈரம் வழிந்தால் அந்த நீர்தான் உங்கள் குழாய்க்குள் இறங்கும். ஒவ்வொரு காம்பிலும் முதல் மூன்று நான்கு பீச்சுகளைத் தனிக் கிண்ணத்தில் விட்டுத் திரி (பால் திரிந்த சிறு கட்டி) இருக்கிறதா பாருங்கள். தரையில் பீச்சாதீர்கள். திரி தெரிந்தால் அது அறிகுறி வெளியே தெரியும் கிளினிக்கல் மடிநோய்க் கணக்கு.

அடுத்து 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் காம்பு நுனி. துடைக்கும்போது எட்ட இருக்கும் காம்புகள் முதலில், மாதிரி எடுக்கும்போது கிட்ட இருப்பவை முதலில். மாற்றிச் செய்தால் துடைத்த காம்பில் கை உரசும். நுனியை அழுத்தித் தேய்த்து, பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை புதுப் பஞ்சு எடுங்கள். ஆல்கஹால் காயட்டும். குழாயைச் சாய்த்துப் பிடித்து, மூடியை உள்பக்கம் கீழே பார்க்கக் கையிலேயே வைத்து, 3 முதல் 5 மி.லி. போதும். நிமிர்த்திப் பிடித்தால் முடியும் தூசியும் நேராக உள்ளே. மாதிரியின் எண்ணைக் குழாயின் உடலில் எழுதுங்கள், மூடிகள் மாறிப்போகும். இடது வலது என்பது மாட்டின் இடது வலது.

சி.எம்.டி. (கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனை, பாலில் உயிரணுக்கள் கூடியிருக்கிறதா என்று காட்டுவது) பார்க்கும்போது தட்டின் கைப்பிடி எல்லா மாட்டிலும் ஒரே திசையில் இருக்கட்டும். பாலும் கரைசலும் சம அளவு, 2 மி.லி. வீதம். சுமார் 10 விநாடி சுழற்றி, 20 விநாடிக்குள் படித்துவிட வேண்டும். லேசான கொழகொழப்பு அதற்குப் பின் கலைந்துவிடும். பார்க்க வேண்டியது கூழ்த்தன்மையை, நிறத்தை அல்ல. கரைசலில் உள்ள புரோமோகிரசால் பர்ப்பிள் என்ற நிறங்காட்டி காரத்தில் அடர்ந்துவிடும். சுண்ணாம்பு ஒட்டிய காம்பு ஏமாற்றும். மதிப்பெண்ணை இரண்டு பேர் போட்டால் தொடக்கத்திலேயே சில மாடுகளில் தனித்தனியாகப் போட்டு ஒப்பிடுங்கள், இருவர் மதிப்பெண்ணும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் காப்பா கெழு கேட்பார்கள்.

மாதிரி பனிப்பெட்டியில் போய், 24 மணி நேரத்துக்குள் கிருமி வளர்ப்புத் தட்டில் ஏறட்டும். உறையவைத்தால் ஈ.கோலை குறைவாகக் கிடைக்கும். உயிரணுக்கள் உடைவதால் பிறகு உயிரணு எண்ணிக்கையும் சி.எம்.டி.யும் பயனில்லை. கிருமி வளர்க்கும் ஊடகமான 5 சதவீத செம்மறியாட்டு ரத்த அகாரில் 10 மைக்ரோலிட்டர் பால், 37 டிகிரி, 24 மற்றும் 48 மணியில் பார்வை. மூன்றோ அதற்கு மேலோ விதமான காலனி (கிருமித் திட்டு) வந்தால் மாதிரி மாசுபட்டது. அதில் பிடித்த ஒன்றைப் பொறுக்கி "தனிமைப்படுத்தினேன்" என்று எழுதுவது நேர்மையல்ல. மாசு விகிதத்தை வெளிப்படையாகப் போடுங்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமியை இனங்காண உதவும் கோயாகுலேஸ் குழாய்ச் சோதனையை 4 மணியிலும் பாருங்கள், எதிர்மறையானால் 24 மணியிலும். 24-இல் மட்டும் பார்த்தால் உறைந்த கட்டி மீண்டும் கரைந்திருக்கலாம்.

எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்கும் மருந்துணர்திறன் சோதனையில் முல்லர் ஹின்டன் அகார் 4 மி.மீ. தடிமன், கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபார்லாண்ட் அளவு கலங்கல். தடிமன் கூடினால் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் சுருங்கும், குறைந்தால் விரியும். ஒவ்வொரு தொகுதியோடும் தரக்கட்டுப்பாட்டுக்கான ஆரியஸ் கிருமி ஏ.டி.சி.சி. 25923 ஓட வேண்டும். மெதிசிலின் எதிர்ப்புக்கு 30 மைக்ரோகிராம் செஃபாக்சிடின் வில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸில் வட்டம் 21 மி.மீ. வரை எதிர்ப்பு, 22 முதல் உணர்திறன். வான்கோமைசினை வில்லையில் பார்த்து முடிவு எழுத வேண்டாம், குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு தேவை.

சி.எம்.டி. நேர்மறை, வளர்ப்பில் ஒன்றும் இல்லை என்ற காம்புகள் கட்டாயம் வரும். அதைக் கண்டு கலங்கிச் சிலர் அட்டவணையிலிருந்தே நீக்கிவிடுகிறார்கள். இதற்குக் காரணங்கள் உண்டு. ஆரியஸ் பாலில் விட்டுவிட்டு வெளியேறும். தொற்று ஏற்கெனவே அடங்கியிருக்கலாம். மருந்து மிச்சம் இருக்கலாம். மைக்கோபிளாஸ்மா சாதாரண ரத்த அகாரில் வளராது. அவற்றைத் தனி வரிசையாக வையுங்கள். சந்தேகம் இருந்தால் அதே காம்பில் சில நாள் கழித்து மறுமாதிரி எடுக்க, ஒப்புதல் படிவத்திலேயே மாட்டுக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும்; இரண்டாம் முறை போனால் "அன்னைக்கே எடுத்தீங்களே" என்றுதான் கேட்பார்.